ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை கிலோ நெல்லு?

குறுவையில களையெடுப்பு, மேலுரம் எல்லாம் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 13ஆம் தேதி பட்ஜெட். மறுநாள் விவசாயத்துக்குன்னு முதல் தடவையா தனி பட்ஜெட். விவசாய பட்ஜெட் பத்தி எழுதுங்கன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அதை அடுத்த பதிவுல எழுதுறேன். இப்ப பென்ஷன் பத்தி எழுதணும்னு தோணுது, ஏன்னா எங்க ஊர் டீக்கடையில பத்து நாளா அந்தப் பேச்சுதான் ஓடுது.

வெள்ளை அறிக்கையில எல்லார் மனசுலயும் பதிஞ்சுபோன எண் ஒண்ணு. அப்போ தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். அந்த அறிக்கை சொன்ன மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடி. 2020-21ல வருவாய் பற்றாக்குறை மட்டும் 61,320 கோடி. இதைப் படிச்சதும் எங்க ஊர்ல என்ன பேசினாங்கன்னா, "எல்லாம் வாத்தியாருக்கும் ஆபீசருக்கும் சம்பளமும் பென்ஷனும் குடுத்தே போச்சு"ன்னு ஒரு கட்சி. "ஓசி அரிசி, ஓசி பணம்னு குடுத்துதான் போச்சு"ன்னு இன்னொரு கட்சி. முதல் கட்சியில நிலம் வச்சிருக்கிறவங்க. ரெண்டாவது கட்சியில, பிள்ளைங்களை அரசு வேலையில வச்சிருக்கிறவங்க. ரெண்டு கட்சியும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அரசாங்கத்தோட கஷ்டத்தை நாம ஒழுங்கா புரிஞ்சுக்கணும். கொரோனா வந்து ஊரடங்கு போட்டதும் பத்திரப்பதிவு நின்னுச்சு, வண்டி ஓடலை, கடை திறக்கலை. வரி எங்கேருந்து வரும்? 2020 ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும் நாட்டோட மொத்த உற்பத்தி அதுக்கு முந்தின வருஷத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு விழுந்துபோச்சு. ஆனா சம்பளம், பென்ஷன், வாங்கின கடனுக்கு வட்டி இந்த மூணும் குறையாது. மழை பெஞ்சாலும் காய்ஞ்சாலும் குத்தகை நெல்லு அளக்கணும் இல்லையா, அந்த மாதிரிதான். வரவு விழுந்து செலவு நின்னா கடன் வாங்கித்தான் ஆகணும். வாங்கினாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது. அந்த நேரத்துல அரசாங்கம் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தா சனங்க பாதிப்பேர் பட்டினி கிடந்திருப்பாங்க.

செலவைக் குறைக்கவும் சில வேலை பண்ணாங்க. 2020 ஏப்ரல்ல அரசு ஊழியர்களுக்குப் பஞ்சப்படி உயர்வை நிறுத்தி வச்சாங்க. 17 சதவீதத்துலயே நின்னுச்சு. லீவு சரண்டர் பணத்தையும் நிறுத்தினாங்க. மே மாசம் ஓய்வுபெறும் வயசை 58லேருந்து 59 ஆக்கினாங்க. 2021 பிப்ரவரியில 60 ஆக்கிட்டாங்க.

வயசைக் கூட்டினது ஊழியருக்குச் செஞ்ச உபகாரம்னு நிறையப் பேர் நினைச்சாங்க. கணக்கைப் பாத்தா வேற தெரியும். ஒருத்தர் ரிட்டையர் ஆனா பணிக்கொடை, மிச்சமிருக்கிற லீவுக்கான பணம், பென்ஷன்ல ஒரு பகுதியை முன்னாடியே மொத்தமா வாங்கிக்கிற பணம்னு லட்சக்கணக்குல ஒரே தடவையா குடுக்கணும். கையில காசு இல்லாத வருஷத்துல ஆயிரக்கணக்கான பேர் ரிட்டையர் ஆனா தாங்காது. அதனால ஒரு வருஷம் தள்ளினாங்க, அப்புறம் இன்னொரு வருஷம். குடுக்க வேண்டியது அப்படியேதான் நிக்குது, தேதி மட்டும்தான் தள்ளிப்போயிருக்கு. அறுவடைக்குக் கட்டுறேன்னு சொன்ன நகைக்கடனைத் தைக்குத் தள்ளுற மாதிரி. இதுல அடி வாங்கினது யாருன்னா, பரீட்சை எழுதிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைங்க. எங்க தெருவுலயே மூணு பேர் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிச்சுகிட்டு, பகல்ல டைல்ஸ் ஒட்டப் போறாங்க.

அரசு ஊழியர் மேல எனக்குக் கோபம் கிடையாது. அதைத் தெளிவா சொல்லிடுறேன். 1.4.2003க்கு அப்புறம் வேலைக்குச் சேந்தவங்களுக்கு நீங்க நினைக்கிற பழைய பென்ஷனே கிடையாது. 2021ல சம்பளத்துல 10 சதவீதம் பிடிச்சாங்க, அரசாங்கம் அதே அளவு போட்டுச்சு, பங்களிப்பு ஓய்வூதியம்னு பேரு. கடைசியில மாசாமாசம் இவ்வளவு வரும்னு அப்போ எந்த உத்தரவாதமும் இருக்கலை. முப்பது வருஷம் வேலை பாத்த மனுஷன் வயசான காலத்துல எனக்கு ஒரு நிச்சயம் வேணும்னு கேக்குறது நியாயம். பஞ்சப்படியை 2021 பட்ஜெட்லயும் 2022 ஏப்ரலுக்குத் தள்ளிட்டாங்கன்னு அவங்க கொதிச்சதும் நியாயம். விலைவாசி ஏறி, சம்பளம் நின்னா வயிறு எரியத்தானே செய்யும்?

சரி, இப்ப நம்ம பென்ஷனுக்கு வருவோம்.

முதியோர் பென்ஷன் இந்த மாநிலத்துல இன்னிக்கு நேத்து வந்ததில்லை. காமராஜர் காலத்துல, 1962ல, மாசம் 20 ரூபாய்னு ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல வயசானவங்களுக்கு மாசாமாசம் பணம் குடுக்கணும்னு நினைச்சதே பெரிய விஷயம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. 2011ல ஜெயலலிதா வந்ததும் 500 ரூபாயை 1,000 ஆக்கினாங்க. அது பெரிய உயர்வு, மறுக்கலை. எங்க ஊர்க் கிழவிங்க அந்த மாசம் மாரியம்மனுக்குப் பொங்கல் வச்சாங்க.

2011லேருந்து 2021 வரைக்கும். பத்து வருஷம். அதே ஆயிரம்.

டெல்லி குடுக்குறது இன்னும் மோசம். 60லேருந்து 79 வயசு வரைக்கும் ஒருத்தருக்கு மாசம் 200 ரூபாய், 80 ஆனா 500 ரூபாய். அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியல்ல இருக்கிறவங்களுக்கு மட்டும். 2007ல இந்திரா காந்தி பேர்ல திட்டம் வந்தப்பவும் அது 200தான், இன்னிக்கும் 200தான். மிச்சத்தை மாநிலம் போட்டுத்தான் 2021ல ஆயிரமாச்சு.

இதை ரூபாய்ல பாத்தா நமக்குப் புரியாது. நமக்குத் தெரிஞ்ச அளவுகோல் நெல்லு. அதுல அளந்து பாப்போம்.

2011-12ல சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். 2021-22க்கு 1,940 ரூபாய். மாநில ஊக்கத்தொகையை இதுல சேக்கலை. அப்போ ஆயிரம் ரூபாய்னா 92 கிலோ நெல்லு. 2021-22ல ஆயிரம் ரூபாய்னா 51 கிலோ நெல்லு. அதாவது, அரசாங்கம் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடாமலே, ஒரு அறிவிப்பு இல்லாமலே, கிழவியோட பென்ஷன்ல 41 கிலோ நெல்லைக் குறைச்சிருச்சு. டெல்லி குடுக்குற 200ஐ எடுத்துக்குங்க. 2007-08ல ஆதார விலை, போனஸ் சேக்காம, 645. அன்னிக்கு 200 ரூபாய் 31 கிலோ நெல்லு. 2021-22ல 10 கிலோ.

"ரேஷன்ல அரிசி சும்மாதானே கிடைக்குது, நெல்லுக் கணக்கு எதுக்கு"ன்னு கேப்பீங்க. கிடைக்குது, அது இல்லேன்னா நிலைமையே வேற. ஆனா நான் நெல்லை அரிசிக்காகச் சொல்லலை. ஒரு விவசாயிக்குச் செலவு எவ்வளவு ஏறியிருக்குன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டுப் போட்ட விலை அது. அந்தப் பத்து வருஷத்துல கிட்டத்தட்ட 80 சதவீதம் ஏத்தினாங்க. நமக்கே அது பத்தாதுன்னு சண்டை போடுறோம். அதே கணக்குல பென்ஷன் ஏறியிருந்தா 2021ல 1,796 ரூபாய் ஆயிருக்கணும். 2021 தேர்தல் வாக்குறுதியில சொன்ன 1,500ஐக் குடுத்திருந்தாக்கூட பழைய இடத்துக்கு வந்து சேந்திருக்காது. அரிசி தவிர மருந்து இருக்கு, எண்ணெய் இருக்கு, பருப்பு இருக்கு. 2021 ஆகஸ்ட்ல கேஸ் சிலிண்டர் எண்ணூத்தி அம்பதைத் தாண்டியிருந்துச்சு. ஆயிரத்துல அது போனா மிச்சம் என்ன?

ஊழியருக்குப் பஞ்சப்படி ரெண்டு வருஷம் நின்னது பேப்பர்ல வந்துச்சு, டிவியில விவாதம் நடந்துச்சு, சங்கம் ஆர்ப்பாட்டம் அறிவிச்சுச்சு. கிழவிக்கு 2021 வரைக்கும் பத்து வருஷமா நின்னுகிட்டு இருந்துச்சு. அதுக்குப் பஞ்சப்படின்னு பேருகூட இல்லை, அதனால நின்னதும் யாருக்கும் தெரியலை. நான் முன்னாடி சொன்ன, ரெண்டு கட்சியும் பேசாத விஷயம் இதுதான்.

அந்த ஆயிரமாவது எல்லாருக்கும் கிடைச்சுதான்னா, அதுவும் இல்லை. எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருக்கு. எழுபதைத் தாண்டிருச்சு. நாத்து நடவுல அதுக்கு இணை கிடையாது, எங்க அப்பா காலத்துலேருந்து எங்க வயல்ல நட்டது. மூணு தடவை மனு குடுத்துச்சு. ஆதரவற்றவங்களுக்குத்தான் பென்ஷன், உனக்கு மகன் இருக்கான்னு திருப்பிட்டாங்க. மகன் இருக்கான், திருப்பூர்ல. ஊரடங்குல மில்லு மூடி அவனே நடந்தும் லாரி ஏறியும் ஊருக்கு வந்து சேந்தான். அவன் ஆத்தாகிட்ட இருந்து வாங்கித்தான் சாப்பிட்டான். நூறுநாள் வேலைக்குப் போகலாம்னா, கொரோனா நேரத்துல வயசானவங்க வராதீங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. காரணம் சரிதான், நோய் வந்துடக்கூடாதுன்னு. ஆனா வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லேன்னா வயசானவங்க எதைத் தின்னுறது? 2020ல மத்திய அரசு முதியோருக்குக் கூடுதலா 1,000 ரூபாய் ரெண்டு தவணையா குடுத்துச்சு. அதுவும் டெல்லிப் பட்டியல்ல பேர் இருந்தவங்களுக்குத்தான்.

விவசாயிக்குத் தனியா பென்ஷன் இருக்கேன்னு சொல்வாங்க. 2019 செப்டம்பர்ல பிரதமர் ஆரம்பிச்ச திட்டம் அது. வயசுக்குத் தக்கபடி மாசம் 55லேருந்து 200 ரூபாய் வரைக்கும் நாம கட்டணும், அதே அளவு அரசாங்கம் போடும், 60 வயசானா மாசம் 3,000 ரூபாய். நல்லாத்தான் இருக்கு. ஆனா 18லேருந்து 40 வயசுக்குள்ள இருக்கிறவங்கதான் சேர முடியும். இன்னிக்கு வயல்ல நிக்கிறவங்கள்ல நாப்பதுக்குக் கீழ எத்தனை பேர்? எங்க வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவங்களை விரல்விட்டு எண்ணிப் பாத்தேன். ஒரே ஒருத்தன். மத்த எல்லாரும் என் வயசு, இல்லேன்னா எனக்கு மூத்தவங்க. பஸ் போனதுக்கு அப்புறம் டிக்கெட் விக்கிற கதைதான்.

சேந்தவனுக்காவது நல்லதான்னு பாப்போம். 2019ல நாப்பது வயசுல சேந்தவனுக்கு 2039ல 3,000 வரும். நெல்லு விலை 2011லேருந்து 2021 வரைக்கும் ஏறின வேகத்துலயே அந்த இருபது வருஷமும் ஏறுனா, அந்த 3,000 சேந்தப்ப இருந்த மதிப்புல ஆயிரத்துக்கும் கீழதான் நிக்கும். பென்ஷன்னு எதைச் சொன்னாலும், விலைவாசியோட சேந்து அது ஏறணும்னு எழுதி வைக்கலேன்னா அது கரையுற உப்புதான்.

இப்ப பெரிய கேள்வி. இவ்வளவு கடன் இருக்கிற நேரத்துல பணத்துக்கு எங்க போறது?

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி எல்லாம் சேத்துத் தாராளமா 35 லட்சம் பேர்னே வச்சுக்குவோம். ஆளுக்கு மாசம் 500 ரூபாய் கூட்டினா வருஷத்துக்கு 2,100 கோடி. பெரிய தொகைதான். ஆனா 61,320 கோடி பற்றாக்குறையில இது நூத்துக்கு நாலு ரூபாய்கூட இல்லை. கிழவிங்களுக்குக் குடுத்துதான் கஜானா காலியாச்சுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் பாக்கணும்.

நம்ம பக்கத்தையும் சொல்லணும். 2021 பிப்ரவரியில கூட்டுறவு பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆச்சு. 16.43 லட்சம் விவசாயிங்களுக்கு. எனக்கும் ஆச்சு. நிவர், புரெவின்னு ரெண்டு புயலும், ஜனவரியில பேஞ்ச மழையும் சம்பாவை அழுக வச்சதுக்கு அது உதவியா இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா சிட்டா இருந்து, சங்கத்துல கடன் இருந்தவங்களுக்குத்தான் அது. அதே மழையில வேலை இல்லாம உக்காந்திருந்த கூலிக்காரங்களுக்கு அதுல ஒரு பைசா இல்லை. அந்த 12,110 கோடி, மேல சொன்ன 500 ரூபாய் உயர்வை அஞ்சு வருஷத்துக்கு மேல குடுக்கப் போதும். தள்ளுபடி வேண்டாம்னு நான் சொல்லலை. ஓட்டுக்கு முன்னாடி ஒரே ராத்திரியில 12,110 கோடி கிடைக்குது, கிழவிக்குன்னா மட்டும் கஜானா காலின்னு சொல்றது எப்படி நியாயம்னுதான் கேக்குறேன்.

வெள்ளை அறிக்கையே இன்னொண்ணும் சொல்லுது. மாநிலத்தோட உற்பத்தி வளந்த அளவுக்கு வரி வரவு வளரலை. வசூலிக்க வேண்டியதை வசூலிக்காம விட்டிருக்காங்க. அப்போ ஓட்டை வரவுப் பக்கம் இருக்கு. மடை உடைஞ்சு தண்ணி வெளிய ஓடுறப்ப, கடைமடைக்காரன் அதிகமா பாய்ச்சிட்டான்னு சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? டாஸ்மாக்ல மட்டும் வருஷத்துக்கு 30,000 கோடிக்கு மேல வருதே, அதுல கிழவிங்களோட மகன்கள் குடுத்த காசு எவ்வளவுன்னு யாராவது கணக்கெடுத்திருக்காங்களா? மகன் இருக்கான்னு மனுவைத் தள்ளுற அரசாங்கம், அந்த மகன்கிட்ட இருக்கிற காசைக் கடையில வாங்கிக்குது.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்கணும். மந்தமான காலத்துல காசு ஊருக்குள்ள சுத்தணும். வசதியானவங்க கையில ஆயிரம் ரூபாய் கூடுதலா குடுத்தா அது பேங்குல போய் உக்காரும். கைரேகை மெஷின்காரர் தெருவுக்கு வந்து குடுத்துட்டுப் போற பென்ஷன் சாயங்காலத்துக்குள்ள செலவாயிடும். மளிகைக் கடை பாக்கி, மருந்துக் கடை, பேத்திக்கு ரெண்டு பிஸ்கட். மளிகைக் கடைக்காரர் அதை வச்சு டவுன்ல சரக்கு எடுப்பார். ஊரடங்கு நேரத்துல எங்க ஊர்க் கடை மூடாம ஓடினதுக்கு முதியோர் பென்ஷனும் அரிசி கார்டுக்குக் குடுத்த நிவாரணப் பணமும்தான் காரணம். விவசாயிக்குத் தெரியும், கடன் ரெண்டு வகை. விதைக்கு வாங்குறது ஒண்ணு, கல்யாணத்துப் பந்தலுக்கு வாங்குறது ஒண்ணு. பஞ்ச காலத்துல கிழவிக்குக் குடுக்குறது விதைக்கடன் சேந்ததுதான்.

"பெத்த பிள்ளைங்க பாக்கணும், அரசாங்கமா பாக்கும்?"னு ஒரு கேள்வி எப்பவும் வரும். பாக்கணும்தான். ஆனா நிரந்தர வேலை இல்லாத பிள்ளை, ரெண்டு மா நிலத்தை வச்சிருக்கிற பிள்ளை எதை வச்சுப் பாப்பான்? அரசு ஊழியருக்கும் பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்குப் பென்ஷன் குடுக்கும்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேக்கலை. அம்பது வருஷம் நாத்து நட்டவங்களும் இந்த ஊருக்குச் சேவைதான் செஞ்சிருக்காங்க. ஆஜர் பட்டியல்ல கையெழுத்துப் போடலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால என் கோரிக்கை மூணு.

ஒண்ணு, முதியோர் பென்ஷனுக்கும் ஒரு பஞ்சப்படி வேணும். வேற கணக்கு எதுவும் வேண்டாம், வருஷாவருஷம் நெல்லுக்கு ஆதார விலை எத்தனை சதவீதம் ஏறுதோ அத்தனை சதவீதம் பென்ஷனும் தானா ஏறட்டும். தேர்தலுக்குத் தேர்தல் யார் வாயையும் பாத்துகிட்டு நிக்க வேண்டியதில்லை.

ரெண்டு, மகன் இருக்கான்னு மனுவைத் தள்ளுறதை நிறுத்தணும். மகன் அரசு வேலையில இருந்தா, வருமான வரி கட்டினா தள்ளுங்க, ஒத்துக்கறேன்.

மூணு, டெல்லி தன் பங்கை ஏத்தணும். 2007லேருந்து 2021க்குள்ள நெல்லு விலை மூணு மடங்கு ஆச்சு. அவங்க குடுக்குற 200, 2021லயே 600 ஆகியிருக்கணும். மாநிலக் கட்சிங்க எல்லாம் இதை ஒண்ணா நின்னு கேக்கணும்.

அரசு ஊழியர் சங்கத்துல இருக்கிற நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்க கோரிக்கைப் பட்டியல்ல கடைசி வரியா இதையும் சேத்துக்குங்க. நீங்க போராடும்போது ஊர்சனம் உங்களைத் திட்டாம உங்க பின்னாடி நிப்பாங்க. உங்களுக்கும் எங்களுக்கும் சண்டை மூட்டிவிட்டா யாருக்கு லாபம்னு உங்களுக்கே தெரியும்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபைக் கூட்டம் நடந்தா, இந்த மூணையும் தீர்மானமா கொண்டுவரலாம்னு எங்க ஊர்ல பேசிகிட்டு இருக்கோம். உங்க ஊர்லயும் செய்யுங்க. தீர்மானத்துல எழுதுறப்ப ரூபாயை மட்டும் எழுதாதீங்க. பக்கத்துல எத்தனை கிலோ நெல்லுன்னும் எழுதுங்க. அப்பதான் எல்லாருக்கும் உறைக்கும்.